சதவீத உயர்வு: எந்தத் தொகையால் வகுப்பது?

சென்ற மாதம் அப்பா ஊரிலிருந்து போன் செய்தார். வீட்டு வாடகை 8,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகிறதாம். "ஒப்பந்தப்படி 20 சதவீதம்தானே உயர்த்தலாம்?" என்று கேட்டாராம். "10,000-ல் 2,000 என்பது 20 சதவீதம்தானே!" என்றாராம் வீட்டுக்காரர். இன்ஜினியரிங் படித்த நானும் ஒரு கணம் தலையாட்டிவிட்டேன்.

பிறகு எக்ஸெல் திறந்தேன். நீங்களும் செய்து பாருங்கள். ஏ1 செல்லில் பழைய தொகை 8000, பி1 செல்லில் புதிய தொகை 10000 என டைப் செய்யுங்கள். சி1 செல்லில் =(பி1-ஏ1)/ஏ1 என அமைத்து என்டர் தட்டுங்கள். (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் தர வேண்டும்.) 0.25 எனக் கிடைக்கும். மீண்டும் சி1 செல்லில் கிளிக் செய்து, கண்ட்ரோல், ஷிப்ட், 5 கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். 25% என மாறும்.

உயர்வை எப்போதும் பழைய தொகையால்தான் வகுக்க வேண்டும். புதிய தொகையால் வகுத்தால் சதவீதம் குறைவாகத் தெரியும். வீட்டுக்காரர் செய்த தவறு அதுதான்.

சரியாக 20 சதவீதம் உயர்ந்தால்? டி1 செல்லில் =ஏ1*1.2 என அமையுங்கள். 9600 கிடைக்கும். மாதம் 400 ரூபாய், ஆண்டுக்கு 4,800 ரூபாய் மிச்சம்! கணக்கைப் பார்த்த வீட்டுக்காரர் 9,600-க்கு ஒப்புக்கொண்டார்.

பால் விலை, பள்ளிக் கட்டணம் என எது உயர்ந்தாலும் ஏ1, பி1 எண்களை மட்டும் மாற்றுங்கள். உண்மையான உயர்வு உடனே தெரிந்துவிடும்.