ஆம்புலன்ஸ் வருவதற்கு முந்தைய நிமிடங்கள்

திருநெல்வேலியிலிருந்து மதுரை செல்லும் நான்குவழிச் சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கங்கைகொண்டானில் பல வகையான ஆபத்துகள் அருகருகே இருக்கின்றன. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிச் செல்கிறது. டயர், குளிர்பானம், சோலார் பேனல் முதலியவை உற்பத்தியாகும் சிப்காட் தொழில் வளாகத்தில் இரவு பகலாக ஷிப்ட் வேலை நடக்கிறது. இவற்றைச் சுற்றி மானாவாரி நிலங்களும் குளத்துப் பாசன வயல்களும் விரிந்துள்ளன. சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாறும் இவ்வூர் வழியாகவே ஓடுகிறது. ஆகவே சாலை விபத்து, இயந்திரத்தில் கை சிக்குதல், மின்சாரம் தாக்குதல், பாம்புக்கடி, நீரில் மூழ்குதல், மாரடைப்பு ஆகிய அனைத்தும் இங்கு நேரக்கூடியவையே. இவற்றில் எது நேர்ந்தாலும் முதல் சில நிமிடங்களில் அங்கே இருக்கப்போகிறவர் மருத்துவர் அல்லர். உடன் வேலை பார்ப்பவரோ, வழிப்போக்கரோ, வீட்டாரோதான். அவர்களுடைய கைகளுக்குப் பயிற்சி உண்டா இல்லையா என்பதே பல நேரங்களில் ஓர் உயிரின் முடிவைத் தீர்மானிக்கிறது.

முதலுதவி என்பது முழுமையான மருத்துவம் கிடைக்கும்வரை பாதிக்கப்பட்டவரின் நிலை மேலும் மோசமாகாமல் காப்பதற்கான எளிய செயல்களின் தொகுப்பு. அதன் ஒரு பகுதியான உயிர்காப்பு, இதயத் துடிப்போ மூச்சோ நின்றுபோனவரின் மூளைக்கு ரத்தமும் பிராணவாயுவும் தொடர்ந்து செல்லுமாறு செய்வதாகும். 1877இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு, காவலர்களுக்கும் ரயில்வே, சுரங்கத் தொழிலாளர்களுக்கும் முதலுதவி கற்பித்து, இந்த அறிவு மருத்துவர்களுக்கு மட்டும் உரியதன்று என்ற கொள்கையை நிலைநிறுத்தியது. உயிர்காப்பு இன்றைய வடிவம் பெற்றது 1960இல்தான்; அவ்வாண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர், மார்பைப் பிளக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே நின்ற இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியேற்ற முடியும் என்பதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். அதே காலத்தில் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் பயிற்சிக்கென மனித உருவப் பொம்மை ஒன்றை உருவாக்கியதால், சாதாரண மக்களும் இதனைக் கைப்பழக்கமாகக் கற்கும் வழி பிறந்தது.

இந்தச் செயல்முறையே சிபிஆர் எனப்படும் இதய இயக்க மீட்பு ஆகும். இதனைப் புரிந்துகொள்ள மாரடைப்புக்கும் இதய நிறுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிய வேண்டும். மாரடைப்பு என்பது இதயத் தசைக்குச் செல்லும் ரத்தக்குழாயில் ஏற்படும் அடைப்பு. அப்போது நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருந்து, நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத் திணறல் என்று சொல்வார். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே தேவை. அத்தகையோருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் தொடங்கியது. இதய நிறுத்தமோ இதயம் ரத்தத்தை வெளியேற்றுவதையே நிறுத்திவிடும் நிலை. மாரடைப்பு, மின்தாக்கம் முதலிய பல காரணங்களால் அது நேரலாம். பாதிக்கப்பட்டவர் சில நொடிகளில் நினைவிழந்து சாய்வார். நான்கைந்து நிமிடங்களுக்குள் மூளை பழுதடையத் தொடங்கும். உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைக்கும்.

விழுந்தவரின் தோளைத் தட்டி உரக்க அழைத்தும் அவர் அசையவில்லை, இயல்பாக மூச்சும் விடவில்லை என்றால், ஒருவரை 108க்கு அழைக்கச் சொல்லிவிட்டு மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். இங்கே பலரும் ஏமாறும் ஓர் அறிகுறி உண்டு. இதயம் நின்ற பின்னும் சிலருக்குச் சில நிமிடங்கள் வரை, வாய் திறந்து, தாடை அசைய, நீண்ட இடைவெளி விட்டுக் குறட்டை போன்ற ஒலியோடு மூச்சு இழுக்கும். சுற்றி நிற்பவர்கள் "மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு, உயிர் இருக்கு" என்று காத்திருந்துவிடுகின்றனர். உண்மையில் அது மூச்சன்று. மூளைத்தண்டின் இறுதி முயற்சியே ஆகும். அந்நிலையில் காத்திருக்காமல், அவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பின் நடுவில் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, அதன்மேல் மற்றொரு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் உடலின் எடையைக் கொண்டு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும்; அப்போதுதான் இதயத்தில் மீண்டும் ரத்தம் நிரம்பும். இரண்டு நிமிடங்களுக்குள் எவருக்கும் கை ஓய்ந்துவிடும் என்பதால் ஆள் மாறி ஆள் செய்வதும் பயிற்சியின் ஒரு பகுதியாகும்.

இந்தியாவில் இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்வதற்காக மயக்கவியல் மருத்துவர்கள் 2017இல் தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டனர். வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குவதாலேயே பலர் உதவாமல் ஒதுங்கிவிடுகின்றனர் என்பதைக் கருத்தில் கொண்டு, பயிற்சி குறைந்த பொதுமக்கள் மார்பழுத்தம் மட்டும் செய்தால் போதும் என்று அவ்வழிகாட்டுதல்கள் வகுத்தன. செவிலியர், ஆம்புலன்ஸ் பணியாளர் போன்றோர் இதற்கு அடுத்த படியான அடிப்படை உயிர்காப்பைக் கற்கின்றனர். அதில் 30 அழுத்தங்களுக்கு 2 முறை மூச்சூட்டுவதும், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் ஒழுங்குக்குக் கொண்டுவரும் ஏஇடி என்ற தானியங்கிக் கருவியைக் கையாள்வதும் அடங்கும். மருந்து செலுத்துவதும் செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்துவதும் அடங்கிய உயர்நிலை உயிர்காப்பு மருத்துவர்களுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவினருக்கும் உரியது. மேற்படிகள் எவ்வளவு சிறந்திருந்தாலும், முதற்படியில் எவரும் நிற்காவிட்டால் அவற்றால் பயன் விளைவதில்லை.

ஆற்றங்கரை ஊர்களுக்கு முக்கியமான ஒரு விதிவிலக்கும் இதில் உண்டு. நீரில் மூழ்கியவரின் இதயம் நிற்பதற்குக் காரணம் பிராணவாயு இல்லாமையே என்பதால், அவருக்கு மார்பழுத்தத்தோடு மூச்சூட்டலும் வேண்டும். தாமிரபரணிப் படித்துறைகளிலும் ஊர்க் கிணறுகளிலும் மூழ்கியவரை மேலே கொண்டுவந்ததும், தண்ணீரை வெளியேற்றுவதாக எண்ணி வயிற்றை அழுத்துவதும், குழந்தையாயின் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் வழக்கமாக இருந்துவருகின்றன. இவை நுரையீரலுக்கு உதவுவதில்லை. வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாயை அடைப்பதற்கும், விலைமதிப்பற்ற நிமிடங்கள் வீணாவதற்குமே காரணமாகின்றன.

புதியதைக் கற்பிப்பதோடு இவ்வாறு வேரூன்றிய தவறுகளை விலக்குவதும் முதலுதவிப் பயிற்சியின் பணியாகும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமே அடங்குவதால்தான் இரும்பு வேலை செய்ததாகத் தோன்றுகிறது. அவர் தலை தரையில் மோதாமல் காத்து, வாயில் எதையும் வைக்காமல், வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைப்பதும், ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108ஐ அழைப்பதுமே செய்ய வேண்டியவை. தீக்காயத்தில் பற்பசையும் மாவும் பூசுவது காயத்தைக் கெடுக்கும். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் குளிர்விப்பதே உரிய முதலுதவி. பாம்பு கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு அவ்வுறுப்பையே இழக்க நேரலாம். கீறுவதும் உறிஞ்சுவதும் நஞ்சை வெளியேற்றுவதில்லை. கடிபட்ட கையையோ காலையோ மட்டை வைத்து அசையாமல் நிறுத்தி, நடக்கவிடாமல், நச்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சேகரிக்கும் நஞ்சிலிருந்து உருவாகும் அம்மருந்தே உயிரைக் காக்கும் ஒரே மருந்து. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகச் சேர்த்தது.

சாலை விபத்தில் உயிரைப் பறிப்பவற்றுள் பெருங்குருதிப்போக்கு முதன்மையானது. சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் தொடர்ந்து அழுத்திப் பிடிப்பது எவரும் செய்யக்கூடியது. தீ போன்ற உடனடி ஆபத்து இல்லாதபோது, கழுத்தும் முதுகும் வளையுமாறு அடிபட்டவரை ஆட்டோவில் அள்ளிப் போட்டுச் செல்லாமலிருப்பதும் அவ்வளவு முக்கியமானது. உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய நேரும் என்ற அச்சத்துக்கு இன்று சட்டத்தில் இடமில்லை. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும் அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளும், நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது வழக்குத் தொடுப்பதையும், பெயரைக் கூறுமாறு அவரைக் கட்டாயப்படுத்துவதையும் தடுக்கின்றன. 2008இல் தமிழகத்தில் தொடங்கிய 108 சேவையும், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டமும் இதனோடு சேர்ந்து ஒரு முழுச் சங்கிலியாகின்றன. சங்கிலியின் முதற்கண்ணியான அருகிலிருப்பவரை மட்டும் எந்தத் திட்டமும் தானாக உருவாக்கிவிட முடியாது.

தொழிலாளர் சட்டங்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆவது பிரிவு, 150 தொழிலாளர்களுக்கு ஒன்று என்ற கணக்கில் முதலுதவிப் பெட்டியையும், அதன் பொறுப்பில் முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் வேலை நேரம் முழுவதும் இருப்பதையும், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறையையும் கட்டாயமாக்கியது. அதன் இடத்தைப் பெறும் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் முதலுதவி ஏற்பாட்டை முதலாளியின் கடமையாகவே வைத்துள்ளது. பேருந்து நடத்துநர் உரிமம் பெறவும் தமிழகத்தில் முதலுதவிச் சான்றிதழ் தேவை. ஆயினும் பெட்டி பூட்டியிருந்து சாவி மேற்பார்வையாளரிடம் இருந்தாலோ, பயிற்சி பெற்றவர் பகல் ஷிப்டில் மட்டும் இருந்தாலோ, சான்றிதழ் வாங்கிய நாளுக்குப் பின் பொம்மையின் மார்பில் கை வைக்கவே இல்லையென்றாலோ, சட்டத்தின் சொல் நிறைவேறியும் நோக்கம் நிறைவேறுவதில்லை. சிபிஆர் திறன் கற்ற சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ள உண்மை. ஆகவே ஒரு நாள் முழுவதும் நடக்கும் சொற்பொழிவைவிட, ஆறு மாதத்துக்கொரு முறை அரைமணி நேரம் முட்டியிட்டு அழுத்திப் பழகுவது பயன் மிக்கது.

பொதுமக்களுக்குப் பயிற்சி அளிப்பதால் பயன் விளையுமா என்ற ஐயத்துக்கு டென்மார்க் விடை தந்துள்ளது. அந்நாடு 2005இல் பள்ளிகளிலும், 2006இல் ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் இப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களுள் அருகிலிருந்தோரிடம் சிபிஆர் பெற்றவர்களின் பங்கு 2001இல் 21 விழுக்காடாக இருந்து 2010இல் 45 விழுக்காடானது. அதே காலத்தில் ஒரு மாதம் கடந்தும் உயிரோடிருந்தவர்களின் பங்கு 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடாக உயர்ந்தது. இந்த உயர்வில் மருத்துவமனைச் சிகிச்சையின் முன்னேற்றத்துக்கும் பங்குண்டு. எனினும் அருகிலிருந்தோரின் கைகள் இல்லாமல் அது நிகழ்ந்திருக்க முடியாது.

கங்கைகொண்டானில் இதற்குப் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர்களும் பயிற்சிப் பொம்மைகளும் இருக்கும் நாட்களில், அதே பயிற்சியை வாயிலுக்கு வெளியேயும் நீட்டித்து, நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைக்காரர்களையும் ஆட்டோ ஓட்டுநர்களையும், மகளிர் சுயஉதவிக் குழுவினரையும் நூறு நாள் வேலைக்குச் செல்வோரையும், மேல்நிலைப் பள்ளி மாணவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ள ஊராட்சியும் சுகாதார நிலையமும் முன்வந்தால் போதும். விபத்து நேரும்போது முதலில் ஓடிவருபவர்கள் இவர்களே. அவர்களிடம் மனம் எப்போதும் இருந்துவந்திருக்கிறது, முறைதான் எட்டவில்லை. அந்த முறையை அவர்கள் கைகளில் சேர்ப்பது, மருத்துவமனை கட்டுவதற்கு நிகரான பொதுநலப் பணி என்று அரசும் ஆலைகளும் ஊராரும் ஒருங்கே கருத வேண்டும்.