கித்தா மரத்தில் தொங்கிய பீங்கான்

வரவேற்பறைச் சுவரில் பீங்கான் மீன்களை மாட்டுவதும், சுட்ட களிமண்ணில் செய்த சிப்பியும் சங்கும் நட்சத்திர மீனும் காற்றில் ஆட மாடியில் தொங்கவிடுவதும் இப்போதைய நகரத்து ரசனை. பேராக் தமிழர்களுக்குத் தொங்கும் பீங்கான் புதிதல்ல. நம் பாட்டிமார் அதைத் தினமும் கையில் எடுத்தார்கள், கித்தாக் காட்டில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில்.

மரத்தின் வெட்டுக்கோடு முடியும் இடத்தில் ஒரு சிறு தகரத் துண்டு. அதற்குக் கீழே பாலைப் பிடிக்கக் கம்பி வளையத்தில் உட்கார்ந்திருக்கும் கிண்ணம்தான் மங்கு. ஆரம்பத்தில் தேங்காய்ச் சிரட்டையே மங்காக இருந்தது. பிறகு தகரமும் கண்ணாடியும் சுட்ட மண்ணும் வந்தன. தகரம் துருப்பிடித்துப் பாலின் நிறத்தைக் கெடுத்தது. கண்ணாடிப் பூச்சு ஏற்றிச் சுட்ட மண் மங்கில் அந்தத் தொல்லை இல்லை. உள்ளே ஒட்டிக் காய்ந்த பாலையும் தோல்போல உரித்து எடுத்துவிடலாம். அந்த வழவழப்பு அழகுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனாலும் பழுப்பும் பச்சையும் கலந்த பூச்சு மழையில் நனைந்து மின்னும்போது அழகாகத்தான் இருக்கும்.

பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு முடிந்து விடியுமுன் நிரைக்குள் போனால்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் நீரழுத்தம் குறைந்து ஓட்டமும் மட்டுப்படும். மங்கைத் துடைத்து வைத்து, கோடு வெட்டி, அடுத்த மரத்துக்கு ஓடி, சில மணி நேரம் கழித்து வாளியோடு திரும்பி வந்து ஒவ்வொரு மங்கையும் சாய்த்து வழிக்க வேண்டும். ஒரு நிரையில் சில நூறு மரங்கள். வேலை முடிந்ததும் மங்கைக் கவிழ்த்து வைப்பார்கள். நிமிர்ந்தே இருந்தால் மழைநீர் தேங்கிக் கொசு முட்டையிடும். பள்ளி இல்லாத நாளில் மங்கு துடைக்கப் பிள்ளைகளும் போனார்கள். அந்தப் பிள்ளைகளின் உழைப்பு எந்தச் செக்ரோல் பதிவேட்டிலும் ஏறவில்லை.

மங்குகளைச் சுட்டவர்களில் பலர் தென்சீனத்திலிருந்து வந்த குயவர்கள். சரிவான நிலத்தில் நீளமாகக் கட்டிய விறகுச் சூளைகள் அவர்களுடையவை. டிராகன் சூளை என்பார்கள். சிங்கப்பூர் ஜூரோங் பக்கம் 1940-களில் எழுந்த அத்தகைய சூளைகளில் மங்கும் பூச்சட்டியும் வெந்தன. மிஞ்சியிருப்பவற்றில் ஒன்றான தோ குவாங் சூளையில் இன்று கலைஞர்களின் படைப்புகள் வேகின்றன. மங்கு கேட்டு வர அங்கே தோட்டம் இல்லை.

பேராக்கின் கதை வேறு வழியில் போனது. 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 கோலகங்சாருக்கு வந்தன. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்னும் அந்த ஊரில் நிற்கிறது. அதே ஊரில் ஆற்றுக்கு அக்கரையில் மண்பாண்டம் செய்யும் சாயோங் கிராமம். ஆற்றங்கரைக் களிமண்ணில் மலாய்ப் பெண்கள் கையால் வனைந்து, நெல் உமியில் புதைத்துக் கறுப்பாக்கிய சுரைக்காய் வடிவக் கூஜாதான் லாபு சாயோங். குடிநீரைக் குளிர்விக்கப் பிறந்த பாத்திரம் அது. இன்று அதில் பெரும்பகுதி அச்சில் வார்க்கப்படுகிறது. விளக்காகவும் பூஜாடியாகவும் அலங்காரப் பொருளாகவும் மாறிவிட்டது. குளிர்பெட்டி வந்து அதன் வேலையைப் பறித்த பிறகும் அது பிழைத்ததற்குக் காரணம், அரசாங்கக் கைவினை அமைப்பும் சுற்றுலாவும் அதைப் பிடித்துக்கொண்டதுதான்.

மங்கை அப்படிப் பிடிக்க ஆளில்லை. முதலில் பிளாஸ்டிக் வந்தது; உடையாது, விலையும் குறைவு. பிறகு வேலை முறையே மாறியது. சிறுதோட்டக்காரர்கள் இப்போது பெரும்பாலும் பாலாக வழிப்பதில்லை. மங்கிலேயே உறையவிட்டுக் கட்டியாக எடுத்து விற்கிறார்கள். அதற்குள் கித்தாக் காடே செம்பனையாகிவிட்டது. 1980-களின் முடிவில் மலேசியாவில் செம்பனைப் பரப்பு ரப்பர்ப் பரப்பை முந்தியது. லயங்கள் காலியாயின. சுங்கை சிப்புட்டிலிருந்தும் கோலகங்சாரிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் ஈப்போவின் தாமான்களுக்குக் குடிவந்தன.

லாபு சாயோங் பேராக்கின் பெருமை, மறுப்பில்லை. ஆனால் மங்கும் பேராக்கின் மண்கலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். செய்தவர் சீனர், கையில் பிடித்தவர் தமிழர், தொங்கியது பேராக் மண்ணில் வளர்ந்த மரத்தில். கடலைக் கருவாக எடுத்துச் சுவர்ச் சிற்பம் செய்யும் கலைஞர் இங்கே யாராவது இருந்தால், பவளப்பாறையோடு ரஜூலா கப்பலையும் நினைக்கட்டும். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களின் கடல் அது. அவர்கள் கரையேறியபின் கையில் ஏந்திய பாத்திரம் மங்கு. வரிசை வரிசையாக மங்குகளைக் கம்பியில் தொங்கவிட்டால் அதுவே முழுமையான ஒரு படைப்பு.

ஈப்போவில் சில வீட்டு வாசல்களில் அது இன்னும் இருக்கிறது, கற்றாழையோ துளசிக் கன்றோ ஏந்தியபடி. வைத்திருப்பவர்கள் அடிப்புறத்தில் அழியாத மையால் தோட்டத்தின் பெயரையும் அங்கே பால் வெட்டியவரின் பெயரையும் எழுதி வையுங்கள். அந்தத் தோட்டங்களில் பலவற்றின் பெயர்ப்பலகைகூட இப்போது இல்லை.