பின்சில்லுச் சத்தமும் வியாபாரியின் கணக்கும்

யாழ்ப்பாணத்தில் பழைய காரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போனபோது, குடாநாட்டில் ஓடிக்கொண்டிருந்தவை ஒஸ்டின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும்தான். சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 30இல் வெளியேற்றப்பட்ட நாங்கள் இந்தக் கதைகளையெல்லாம் ஊர் திரும்பிய பிறகுதான் கேட்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய காரின் மதிப்பு இன்னும் ஏறிப்போனது. சிறு வியாபாரிகள் பலர் இன்றும் இவற்றில்தான் சரக்கு ஏற்றுகிறார்கள்.

சோனகத் தெருவிலிருந்து சாவகச்சேரிக்கும் பருத்தித்துறைக்கும் துணிப் பொதி கொண்டுபோக நானும் ஒரு மொறிஸ் மைனர் வைத்திருந்தேன். ஒருநாள் பிரேக் மிதிக்கும்போது பின்பக்கம் இரும்பு உரசும் சத்தம் வந்தது. ஒரு கராஜில் கொடுத்தேன். பின்சில்லு இரண்டுக்கும் புது பிரேக் சூ போட்டுக் காசு வாங்கினார்கள். இரண்டு கிழமை அமைதி. பிறகு வேறு சத்தம். இம்முறை மிதிக்காமலே உரசியது. இறங்கி வலது பின்சில்லைத் தொட்டால் கை சுட்டது.

இரண்டாவதாக நான் போனது வயதான ஒரு மெக்கானிக்கிடம். ‘வீச்சு வீச்செண்டு கத்துது அண்ணை’ என்று நான் நடித்துக் காட்டத் தொடங்க, அவர் கையை உயர்த்தினார்.

‘நானா, சத்தம் எப்பிடி எண்டு சொல்ல வேண்டாம். எப்ப வருகுது எண்டு மட்டும் சொல்லுங்கோ.’

அந்தக் கேள்வி ஒன்றே பாதி வேலை என்பதைப் பிறகு விளங்கிக்கொண்டேன். காலையில் முதல் உருட்டலில் மட்டும் ‘டப்’ என்று விட்டுப் பிறகு ஓய்ந்தால், இரவில் ஹேண்ட் பிரேக் போட்டபடி நின்ற காரில் டிரம்மும் சூவும் துருவால் ஒட்டியிருக்கிறது. கடற்காற்று வீசும் எங்கள் ஊரில் இது சாதாரணம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே இரைச்சல், வளைவில் திரும்பும்போது அது கூடிக் குறைகிறது என்றால் பெயரிங்கைப் பார்க்க வேண்டும். பிரேக்குக்குச் செலவழிப்பது வீண். மிதித்தவுடன் ஒரே ஒரு ‘டக்’ என்றால் வில்லுத்தகட்டைப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கலாம். சத்தம் முன்னாலா பின்னாலா என்ற சந்தேகத்துக்கும் வழி உண்டு. ஆளில்லாத நேரான பாதையில் மெதுவாகப் போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பாருங்கள். மைனரில் அது பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும்.

டிரம்மைக் கழற்றுமுன் தூசியை ஊதவேண்டாம் என்றார். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். அது நெஞ்சுக்குள் போனால் ஆபத்து. ஈரத்துணியால் துடைத்தார். காற்றுக் குழாயால் ஊதும் கராஜ்களை இன்றும் காண்கிறேன், பையன்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

முதல் கராஜ் கழற்றிய பழைய சூக்களை நான் எறியாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. வலது பக்கத்தில் ஒன்று றிவெற் வரை தேய்ந்திருந்தது, மற்றது ஏறக்குறையப் புதிது. மொறிஸ் மைனரின் பின் வீல் சிலிண்டர், பேக் பிளேட்டிலுள்ள துவாரத்தில் முன்பின்னாக நகர வேண்டும். பிஸ்டன் ஒரு சூவைத் தள்ளும். சிலிண்டரின் உடல் நகர்ந்து மற்றதைத் தள்ளும். துருப்பிடித்து நகராமல் நின்றால் முழுப் பாரமும் ஒரு சூவின் தலையில். என் முதற்சத்தம் அந்த றிவெற் டிரம்மைக் கீறிய சத்தம். புது சூ போட்டவர்கள் சிலிண்டர் நகர்கிறதா என்று தள்ளிப் பார்க்கவில்லை.

இரண்டாவது சத்தத்துக்குக் காரணம் அவர்கள் செய்த ‘சேர்விஸ்’. சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவிப் பழைய றப்பரையே போட்டிருந்தார்கள். எஞ்சினை ஓட்டிய மண்ணெண்ணெய் பிரேக் றப்பருக்கு எமன். அது பட்டால் றப்பர் ஊதிவிடும், பிஸ்டன் திரும்பாது, சூ உரசிக்கொண்டே இருக்கும். பிறகு றப்பர் தளர்ந்து ஒழுகும். சூவின் ஓரத்தில் ஈரமும் இருந்தது. அது பிரேக் ஒயிலா அக்சில் ஒயிலா என்று பார்க்க அவர் விரலில் தொட்டுத் தண்ணீர் விட்டார். பிரேக் ஒயில் தண்ணீரில் கரைந்து போகும், அக்சில் ஒயில் வழுவழுவென்று நிற்கும். எனது கரைந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மைனரில் நான்கு சில்லுக்கும் ஒரே பிரேக் ஒயில் பாதைதான். ஒரு சிலிண்டர் முற்றாக ஒழுகினால் முன் பிரேக்கும் சேர்ந்து போகும். பொதிகளோடு கடைப் பையனையும் ஏற்றிக்கொண்டு அந்தக் காரில்தான் பத்து நாள் ஓடியிருக்கிறேன். சத்தம் தொந்தரவு என்று நினைத்தேனே தவிர, அது அல்லாஹ் தந்த எச்சரிக்கை என்று நினைக்கவில்லை.

புதுச் சிலிண்டர், றப்பர், சுத்தமான பிரேக் ஒயிலில் கழுவல், டிரம்மைக் கடைந்து சமப்படுத்தல். கடைசியில் டிரம்மின் துவாரத்தால் ஸ்குரூ டிரைவர் விட்டு, சில்லு இறுகும்வரை திருகி ஒரு பல் பின்னுக்கு விட்டார். முதல் கராஜில் கொடுத்ததைவிடச் செலவு குறைவு. ஆனால் இரண்டையும் சேர்த்து, கார் நின்ற நாட்களில் விட்ட ஓடர்களையும் கணக்கில் போட்டால் நட்டம்தான்.

போன வருடம் லொறி எடுத்ததால் காரை விற்கப் போட்டேன். வவுனியாவிலிருந்து வந்த சகோதரர் ஓட்டிப் பார்த்து, சத்தமே இல்லை என்று சந்தோஷப்பட்டார். வலது டிரம் ஒருமுறை கடைந்தது, மெலிந்துவிட்டது, இனிக் கடைய முடியாது. வெளியிலிருந்து அது தெரியாது. மறைத்த குறை பின்னர் தெரிந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. கியாருல் ஐப் என்று நம் மார்க்கச் சட்டம் சொல்வது அதைத்தான். கடையில் கிழிந்த துணியைக் காட்டி விற்கிறோம், காருக்கு மட்டும் என்ன விலக்கு? சொன்னேன். தேய்ந்த பழைய சூ இரண்டையும் எடுத்துக் காட்டினேன்.

அவர் ஒரு டிரம்மின் விலையைக் கழித்தார். நானும் ஒத்துக்கொண்டேன். போகும்போது அந்தச் சூ இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், தன் மெக்கானிக்குக் காட்டவாம்.