லேப்டாப்புக்கு சுங்க வரி இல்லை, மொபைலுக்கு உண்டு! ஏன்?

ஏற்காடு பக்கம் செம்மநத்தம் போன்ற மலைக் கிராமங்களில் காப்பியும் மிளகும்தான் பிழைப்பு. வெளிநாட்டு மிளகு மலிவாக வந்து குவிந்தால் விவசாயி தாங்க மாட்டார். எனவே, கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை 2017 டிசம்பரில் மத்திய அரசு நிர்ணயித்தது. ஆனால், அதே ஊரில் ஒருவர் புதிதாக வாங்கும் லேப்டாப் வெளிநாட்டில் தயாரானது என்றாலும் அதற்கு அடிப்படை சுங்க வரி பூஜ்யம்தான். இந்த வித்தியாசம் ஏன் என்று பார்ப்போமா?

1997-ல் போட்ட கையெழுத்து

உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் 1996-ல் உருவானது. இந்தியா 1997-ல் இதில் சேர்ந்தது. கம்ப்யூட்டர், பிரிண்டர், சிப் போன்றவற்றின் வரியைப் படிப்படியாகக் குறைத்து, 2005-ல் பூஜ்யமாக்கியது. வாங்குபவருக்கு இது லாபம். ஆனால், வெளிநாட்டுக் கம்ப்யூட்டருடன் போட்டியிட்ட உள்ளூர்த் தயாரிப்பாளருக்கு வரி என்ற வேலி இல்லாமல் போனது.

மொபைல் மட்டும் ஏன் தனி?

மொபைல் போனுக்கு 2017-ல் மத்திய அரசு சுங்க வரி விதித்தது. 2018-ல் அது 20 சதவீதமானது. 2024 ஜூலையில் 15 சதவீதமாகக் குறைந்தது. இன்றைய மொபைல்கள் பழைய ஒப்பந்தத்தில் அடங்காது என்பது இந்தியாவின் வாதம். உலக வர்த்தக அமைப்பின் குழு 2023 ஏப்ரலில் இதை ஏற்க மறுத்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது.

ஒரு சிறு கணக்கு. 10,000 ரூபாய் மதிப்பில் ஒரு லேப்டாப்பும் ஒரு மொபைலும் இறக்குமதியாவதாக வைத்துக் கொள்ளுங்கள். லேப்டாப்புக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் சேர்த்தால் 11,800 ரூபாய். மொபைலுக்கு முதலில் 1,500 ரூபாய் சுங்க வரி. அதன் மேல் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 13,570 ரூபாய். (கூடுதல் வரியும் கடைக்காரர் லாபமும் இதில் சேர்க்கப்படவில்லை.) உள்நாட்டில் தயாரானால் இந்தச் சுங்க வரி இல்லை. கம்பெனிகளை இங்கே ஆலை தொடங்க இழுப்பது இந்த வித்தியாசம்தான்.

வரி மட்டும் போதுமா?

போதாது. சுங்க வரி இல்லாத 2006-லேயே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. உதிரி பாகங்கள் கிடைப்பது, துறைமுக வசதி, வரிச் சட்டங்களின் தெளிவு எல்லாம் சேர்ந்தால்தான் ஆலை நிலைக்கும். உதிரி பாகங்களுக்கும் அதிக வரி போட்டால், உள்ளூரில் அசெம்பிள் செய்பவரின் செலவுதான் ஏறும்.

லேப்டாப்புக்கு வேறு வழி

லேப்டாப்புக்கு வரி போட ஒப்பந்தம் தடை. எனவே, 2023 ஆகஸ்ட் 3-ல் இறக்குமதிக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று அரசு அறிவித்தது. எதிர்ப்பு வரவே அடுத்த நாளே அதைத் தள்ளி வைத்தது. பிறகு ஆன்லைனில் அனுமதி பெறும் முறை வந்தது. இன்னொரு பக்கம், இங்கே தயாரிப்பவர்களுக்கு ஊக்கத்தொகை தர 2023 மே மாதம் 17,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. வரி என்றால் அந்தப் பொருளை வாங்குபவர் பணம் கொடுக்கிறார். ஊக்கத்தொகை என்றால் நாட்டு மக்கள் அனைவரும் கொடுக்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது

"சுங்க வரி ஏறப் போகிறது, இன்றே வாங்குங்கள்" என்று கடைக்காரர் அவசரப்படுத்தினால், எந்த அறிவிப்பு, எந்தப் பொருளுக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். மொபைல் வரியை லேப்டாப்புடன் குழப்பிக் கொள்ள வேண்டாம். பெட்டியில் தயாரான நாட்டின் பெயர் இருக்கும்; அதையும் பாருங்கள். ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.