தோட்டமும் சபை நிதியும்

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் தொழிலாளர் பிரதேச சபைக்கு வாக்களித்தனர். ஆயின் அச்சபையின் நிதிக்கு அவர்கள் அந்நியராகவே இருந்தனர். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இதற்கு அரணாயிற்று. லயத்துப் பாதை தோட்டத்துக்குரியது, அதிற் சபைப்பணம் செலவிடலாகாது என்பதே வாதம். நிலமோ பெரும்பாலும் அரசினுடையது! 1970களில் அது தேசியமயமாயிற்று. 1992இல் கம்பனிகளிடம் சென்றது முகாமையே. தெல்தோட்டைக்கு அண்மையில் லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிராகியதற்கும் முன்னர், கோப்பிக் காலத்திலேயே, மூலதனம் தோட்டத்துக்கும் கிராமத்துக்குமிடையே இட்ட வேலியைச் சட்டம் வழிமொழிந்தது என்றே நாம் கருதுகிறோம்.

2018இன் திருத்தம் அத்தடையை நீக்கியது. தடை நீங்குதல் வேறு, பங்கு பெறுதல் வேறு. தோட்டத்து வாசிகசாலையும் மாதர் சங்கமும் மரண உதவிச் சங்கமும் உறுப்பினரின் தயவை நாடி மனுக்கொடுக்கும் நிலை உரிமையாகாது. குடித்தொகையும் தேவையும் நோக்கி வட்டாரந்தோறும் ஒதுக்கிய தொகையைச் சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதிக்காட்டுமாறு அச்சங்கங்கள் கூட்டாகக் கேட்கவேண்டும்.