படமும் பெயரும்

சென்ற விடுமுறையில் யாம் ஒளிப்படக் கருவியுடன் தாராபுரஞ் சென்றிருந்தோம். அமராவதிக் கரையிலுள்ள அவ்வூர்ச் சந்தையிலே, தக்காளி விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரை, அவரைக் கேளாமலே படமெடுக்க முயன்றோம். அவர் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "என்ற படம் உனக்கெதுக்குக் கண்ணு?" என்றார். விடை கூற எமக்கு நா எழவில்லை.

இவ்வினா இன்று தோன்றியதன்று. 1868 முதல் 1875 வரை, பார்பஸ் வாட்சன், கே என்னும் பிரித்தானியர் இருவர் 'இந்திய மக்கள்' என்ற படநூலை 8 தொகுதிகளாக வெளியிட்டனர். சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலைத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியார் துணையுடன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். அக்கால உடையையும் அணியையும் அறிய இந்நூல்கள் பெரிதும் உதவுவன. ஆயினும், பெரும்பாலான படங்களின் கீழ்க் குலப்பெயர் உண்டு. ஆளின் பெயர் இல்லை. மனிதர் அங்கே மாதிரிப் பொருளாயினர்.

ஆதலின், பயணஞ் செய்யும் மாணவர் சில முறைகளைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலில் உடன்பாடு கேட்க வேண்டும்; மறுப்பின் கருவியை மூடிவிட வேண்டும். சிறுவராயின் பெற்றோரைக் கேட்க வேண்டும். இசைந்தவரது பெயரைக் கேட்டெழுதி, படத்தின் பிரதியொன்றை அவருக்கு அனுப்புதல் கடன்.

அன்று யாம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினோம். அம்மூதாட்டியின் படம் எம்மிடமில்லை, பெயரையும் கேட்டறிந்தோமில்லை. படம் கிடையாமையினும், பெயரைக் கேளாமையே எமக்கு இன்றும் வருத்தந் தருகின்றது.