பழைய தையல் இயந்திரம் வாங்குமுன்

மழை பெய்யும் காலையில் பால் வெட்ட இயலாது. அன்றைய வருமானமும் குறைகின்றது. அத்தகைய நாள்களில் வீட்டில் ஒரு தையல் இயந்திரம் இருப்பின், பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை நாமே தைத்துக்கொள்ளலாம். அண்டை வீட்டாருக்குத் தைத்துக் கொடுத்துச் சிறிது பொருளும் ஈட்டலாம். புதிய இயந்திரம் வாங்க வசதியற்றோர் பழையதை நாடுவது இயல்பே. ஜார்ஜ் டவுனில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை இதற்குப் பெயர்பெற்றது. ஆயினும், அரும்பாடுபட்டுச் சேர்த்த பணம் வீணாகாதிருக்கச் சிலவற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

பழைய இயந்திரங்களுள் பெரிதும் காணப்படுவது சிங்கர். ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற இவ்வியந்திரம், ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கு ஆலையிலிருந்து உலகெங்கும் சென்றது. அவ்வாலை 1980இல் மூடப்பட்டது. அங்கு வார்த்த இரும்புடல்களோ இன்றும் உழைக்கின்றன. அடித்தட்டில் பொறித்துள்ள எண்ணைக் கொண்டு அதன் வயதை அறியலாம். 1900ஆம் ஆண்டு முதல் எண்ணுக்கு முன் ஆங்கில எழுத்து சேர்க்கப்பட்டது.

புதிதாகப் பழகுவோர்க்குச் சிங்கரின் 15ஆம் வகை ஏற்றது. அதனைப் பின்பற்றி ஜப்பானிலும் சீனாவிலும் இயந்திரங்கள் பல செய்யப்பட்டமையால், ஊசியும் பாபினும் எளிதில் கிடைக்கின்றன. நீண்ட படகு வடிவ நூல்கூடு உடைய மிகப் பழைய வகைகள் அழகுடையனவே. ஆனால் அக்கூடு தொலைந்தால் மாற்றுத் தேடி அலைய நேரும்.

வாங்குமுன் சக்கரத்தைக் கையால் நம்மை நோக்கிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமாயிருப்பின் அஞ்ச வேண்டியதில்லை. மங்கில் காய்ந்த பால்போல் பழைய எண்ணெய் உறைந்திருக்கலாம். மண்ணெண்ணெயும் பின்னர் தையல் இயந்திர எண்ணெயும் இட்டால் அது இளகும். தேங்காயெண்ணெய் இடுதல் கூடாது; அது மீண்டும் உறையும். இரும்புடலில் விரிசல் இருந்தாலோ, சக்கரம் ஆடினாலோ விட்டுவிடுதலே நன்று. புதுச் சாயம் துருவை மறைக்கவும் கூடும்.

இறுதியாக, மெல்லிய துணி ஒன்றும் தடித்த துணி ஒன்றும் உடன் கொண்டு சென்று தைத்துப் பார்ப்போம். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே பின்னிக்கொண்டால் தையல் நேர்த்தியானது. பால்வெட்டும் கத்தியை நாம் பிடியழகு கண்டு வாங்குவதில்லை. வெட்டு கண்டே வாங்குகிறோம். தையல் இயந்திரத்திற்கும் அதுவே முறை.